அறுபது கிராம் அரிசி

ஜானகிராமன் உத்திரமேரூர் பஜாரில் ஒரு நெல் மண்டியில் எடை பார்க்கிறவர். இருபத்தாறு வருஷமாக அதே மண்டி, அதே வேலை. மூட்டை தராசில் ஏறி முள் நிற்பதற்குள், எழுபத்தைந்து கிலோவுக்கு இது எத்தனை கூடும், எத்தனை குறையும் என்று சொல்லிவிடுவார். அதோடு, மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து நசுக்கிப் பார்த்தாரென்றால் அதில் ஈரம் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். "ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழி" என்று அவர் சொன்னால் வண்டி கட்டிக்கொண்டு வந்த மாகறல்காரர்கள்கூட மறுபேச்சுப் பேசுவதில்லை.

அவர் மனைவி ஞானசுந்தரிக்கு எடையோடு எந்தப் பழக்கமும் கிடையாது. அவள் சமையலறையில் ஓர் ஆழாக்கு இருந்தது, இரண்டு டம்ளர் இருந்தது, கரண்டிகள் இருந்தன. ஆழாக்கில் அரிசி, டம்ளரில் தண்ணீர், கரண்டியில் எண்ணெய். உப்புக்குக் கை. எழுபது பேருக்குச் சமைக்கச் சொன்னாலும் இந்தக் கணக்கிலேயே பெருக்கிக்கொண்டு போவாள். குறைந்தது என்றோ மிஞ்சிக் கொட்டியது என்றோ யாரும் சொன்னதில்லை. ஒரே வீட்டில் ஒருவர் எடையும் ஒருவர் அளவுமாக இருபத்துநாலு வருஷம் ஓடியதில் இரண்டு பேருக்கும் இதைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மாசியில் வந்தது. ஜானகிராமனுக்குக் காலில் ஆணி குத்திய புண் ஒரு மாதமாக ஆறவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் போனார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்துச் சர்க்கரை என்றார். காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒரு மாத்திரை எழுதினார். மேஜை டிராயரிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"இதுல இருக்கற மாதிரி சாப்பிடுங்க. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்" என்றார். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜானகிராமன் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்தது. எல்லாம் கிராமில் இருந்தது.

"சுந்தரி, எல்லாத்தையும் எடைல குடுத்துட்டாரு. கவலயில்ல" என்றார்.

மறுநாள் மண்டியிலிருந்து வரும்போது, மாதிரிக்கு எடுக்கும் அரிசியை நிறுக்க வைத்திருக்கும் சின்னக் கைத்தராசையும் பித்தளைக் கற்களையும் முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் தராசுத் தட்டில் ஒரு வாழையிலைத் துண்டை விரித்தார். இன்னொரு தட்டில் ஐம்பதும் பத்துமாக இரண்டு கல்லை வைத்தார். அதற்குச் சமமாக ஒரு சின்னத் துண்டு இலையையும் கிழித்துக் கற்களோடு போட்டார். இலையின் எடைகூடச் சோற்றில் சேரக் கூடாதாம்.

"போடு" என்றார்.

ஞானசுந்தரி கரண்டி நுனியால் போட்டாள். போட்ட மாத்திரத்தில் தராசு சாய்ந்தது. அவர் விரலால் நாலு பருக்கையை எடுத்துப் பானையில் திரும்பப் போட்டார். முள் நேராக நின்றது.

"இன்னாங்க இது?" என்றாள் ஞானசுந்தரி. "காக்காக்கி வெக்கிறதே இத்தவிட ஜாஸ்தியா கீது."

"அறுவது கிராம்னு எழுதிக் கீது. அறுவதுன்னா அறுவது."

"ஒரு கரண்டி கூடப் போட்டா இன்னாவாம்?"

"கூடவும் வேணாம்னு சொன்னாரு இல்ல? நீதான பக்கத்துல ஒக்காந்துகினு இருந்த?"

அவள் குழம்பை ஊற்றினாள். நாலு வாயில் சோறு தீர்ந்தது. காயும் அப்படியே நிறுத்துத்தான். ராத்திரிக்குக் கோதுமை என்று போட்டிருந்தது. சுட்ட சப்பாத்தியைத் தட்டில் வைத்து அதிலும் அறுபது பார்த்தார். ஒன்றரைச் சப்பாத்தி வந்தது. மிச்ச அரையைப் பிய்த்து ஓரத்தில் வைத்துவிட்டு, ஒன்றரையைத் தின்று எழுந்தார்.

எடை விஷயத்தில் அவரோடு வாதாட அவளுக்கு வாய் வரவில்லை. ஊரே கேட்டுக்கொள்கிற ஆள். தான் எட்டாவது வரைக்கும் படித்தவள். தாளில் இருப்பதும் தராசில் இருப்பதும் ஒன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் எதிரில் உட்கார்ந்து தன் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட அவளால் முடியவில்லை. அவர் கை கழுவி மண்டிக்குக் கிளம்பிய பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். அதுவும் இறங்கவில்லை.

பத்து நாளில் சட்டைக் கழுத்து தொளதொளத்துவிட்டது. காலில் புண் ஆறிக்கொண்டு வந்தது உண்மைதான். ஆனால் மனுஷர் மாறிப்போனார். வாயில் சுடுசொல் வராதவர், ஒரு டம்ளர் தண்ணீர் தாமதமானதற்குக் கத்தினார். பதினொரு மணி வாக்கில் வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது என்று அவரே சொன்னார்.

"டாக்டர் கையில சொல்லலாங்க" என்றாள்.

"சக்கரன்னா அப்பிடித்தான் இருக்கும். ஒடம்பு பழகிக்கும்" என்றார்.

பசியும் வைத்தியத்தில் சேர்ந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவளும் பாதி அப்படித்தான் நினைத்தாள்.

பதினைந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. பனியில் நனைந்த நெல் வண்டி வண்டியாக வந்து இறங்கியிருந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வாசலில் ஆட்டோ நின்றது. மண்டியில் மூட்டை தூக்கும் வேதகிரி, ஜானகிராமனின் தோளைப் பிடித்தபடி இறங்கினான். அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பயப்படாதீங்கக்கா, இப்ப நல்லா கீறாரு" என்றான் வேதகிரி முதலில். அவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னான்.

"மூட்டை ஏத்திக்கினு கீறேன். அண்ணன் எம்பத்தி ஒண்ணுன்னாரு. நான் முள்ளப் பாத்தா எயுவத்தி ஒண்ணு. அண்ணே, எயுவத்தி ஒண்ணுண்ணேன்னு சொன்னேன். என்னியே பாக்குறாரு. கண்ணு எங்கியோ கீது. அப்பிடியே மூட்டையப் புடிச்சிக்கினு சரிஞ்சிட்டாரு. டீக்கடக்காரரு ஓடியாந்து சக்கர நெறையப் போட்டு டீ குடுத்தாரு. சக்கரக்காரருக்குச் சக்கரயான்னு நான் பயந்தேன். ஆனா அத்தக் குடிச்சப்புறம்தான் கண்ணத் தொறந்தாரு."

வரும் வழியில் பஜார் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் அழைத்து வந்திருந்தான். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தாயா என்று டாக்டர் கேட்டாராம். இல்லை சார், அறுபது கிராம் சாப்பிட்டேன் என்று இவர் சொன்னாராம். டாக்டர் புரியாமல் பார்த்துவிட்டு, மாத்திரை கொடுத்தவரையே போய்ப் பாருங்கள், அதுவரை பாதி மாத்திரை போட்டு வயிற்றுக்குச் சாப்பிடுங்கள் என்று அனுப்பியிருக்கிறார். காஞ்சிபுரம் டாக்டர் வெளியூர் போயிருந்தார், வெள்ளிக்கிழமைதான் வருவார்.

வேதகிரி போன பிறகு ஜானகிராமன் கட்டிலில் சாய்ந்துகொண்டு சுவரைப் பார்த்தார்.

"இருவத்தாறு வருசத்துல ஒரு மூட்டைக்கு எட தப்பாச் சொன்னதில்ல" என்றார்.

விழுந்ததைவிட அதுதான் அவருக்கு வலித்தது என்று ஞானசுந்தரிக்குத் தெரிந்தது. சோற்றைப் பிசைந்து கொண்டு வந்தாள். "வயித்துக்கு சாப்புடச் சொன்னாருல்ல, சாப்டுங்க."

"வயித்துக்குன்னா எவ்ளோ? அது ஒரு கணக்கா?" என்றார். பாதியிலேயே தட்டைத் தள்ளிவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கூடினால் புண், குறைந்தால் மயக்கம் என்று ஆகிவிட்டது. எந்தப் பக்கம் கால் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவர் மண்டிக்குப் போகவில்லை. ஞானசுந்தரி அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்த தாளின் எதிரில் நின்றாள். பதினைந்து நாளாக அவர் படிக்கக் கேட்டாளே தவிர, தான் உட்கார்ந்து படித்ததில்லை. இப்போது ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அரிசி 60 கிராம். துவரம் பருப்பு 20 கிராம். கோதுமை மாவு 60 கிராம்.

மாவு என்ற இடத்தில் நின்றாள். மாவை யார் சாப்பிடுகிறார்கள்? சப்பாத்தி என்று எழுதாமல் மாவு என்று எதற்கு எழுத வேண்டும்? மேலே போனாள். அங்கேயும் சோறு என்று இல்லை. அரிசி என்றுதான் இருந்தது.

அவள் சத்தம் போடாமல் தராசை எடுத்தாள். ஐம்பதும் பத்தும் வைத்து, எதிர்த்தட்டில் டின்னிலிருந்து அரிசியைக் கொட்டினாள். தராசு நேரானதும் அந்த அரிசியை ஆழாக்கில் போட்டுப் பார்த்தாள். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே வந்தது. சின்னக் குண்டானில் உலை வைத்து அதை மட்டும் தனியாக வேகவைத்து வடித்தாள். ஆறியதும் நிறுத்தாள். ஐம்பதும் பத்தும் வைத்த தட்டு மேலே பறந்துவிட்டது. அவற்றை எடுத்துவிட்டு நூறு வைத்தாள். கூடவே ஐம்பதை வைத்தாள். இருபது வைத்து, கடைசியாக ஓர் ஐந்து கிராம் கல்லையும் வைத்த பிறகுதான் சமமானது.

"இங்க கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டாள்.

ஜானகிராமன் மெதுவாக வந்து நின்றார்.

"மண்டில நனைஞ்ச நெல்லு வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"இன்னா பண்ணுவேன், ஈரத்தக் கயிப்பேன்."

"ஏன்?"

"ஏன்னா... தண்ணிக்கும் சேத்து நெல்லுன்னு எட போட முடியுமா?"

அவள் தராசுத் தட்டைக் காட்டினாள். "இது அறுவது கிராம் அரிசி. இப்ப நூத்தி எயுவத்தஞ்சு கீது. மிச்சம் இன்னாது?"

அவர் தட்டைப் பார்த்தார். கற்களைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். தராசைத் தன் கையில் வாங்கி, கற்களை எடுத்துவிட்டு, முதலிலிருந்து தானே ஒரு தடவை நிறுத்தார். அதே நூற்று எழுபத்தைந்து.

"அரிசின்னுதான் எழுதிக் கீது. மாவுன்னுதான் எழுதிக் கீது. எல்லாம் ஆக்குறதுக்கு முன்ன உள்ளதுங்க" என்றாள் ஞானசுந்தரி.

அவர் தரையில் உட்கார்ந்தார். "ஊரு நெல்லுல எல்லாம் ஈரத்தக் கயிச்சேன். என் தட்டுல கீற ஈரம் தெரியல பாரு" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. அந்தச் சோற்றை அப்படியே தட்டில் போட்டு ரசம் ஊற்றினாள். அவர் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, பதினைந்து நாளில் முதல் தடவையாக, "நீ சாப்டியா?" என்று கேட்டார்.

இனிமேல் வேளைக்கு வேளை தராசைத் தூக்கிக்கொண்டு இருக்க அவளுக்கு இஷ்டமில்லை. அவருக்கென்று தனிக் குண்டான் வைப்பதிலும் மனசில்லை. ஒரே பானையில் ஆக்கி, கரண்டியில் எடுத்துப் போட்டுவிட வேண்டும். ஆனால் அதற்கு எது எத்தனை என்று ஒரு தடவை சரியாகத் தெரிந்தாக வேண்டும். வியாழக்கிழமை மதியம் ஆழாக்கையும் கரண்டிகளையும் ஒரு கூடையில் போட்டுக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்குப் போனாள். வீட்டுக் கைத்தராசின் தட்டில் ஓர் ஆழாக்கு மாவுகூட நிற்காமல் சரிந்தது. கடையில் பெரிய தராசு இருந்தது.

கடைக்கார மஹபூப் பாஷா தொழுகைக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஹசீனா கல்லாவில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் எழுந்தே வந்துவிட்டாள்.

"அக்கா, இந்தத் தாளு எங்க வூட்லயும் கீது. இவருக்கு சக்கர வந்து ரெண்டு வருசம் ஆச்சு. அத்த மடிச்சி ஜன்னலு ஆடாம சொருவி வெச்சிகினு கீறாரு" என்றாள்.

இரண்டு பேரும் வரிசையாக நிறுக்க ஆரம்பித்தார்கள். ஓர் ஆழாக்கு அரிசி நூற்று அறுபத்தைந்து வந்தது. பருப்பும் ஏறக்குறைய அதேதான். ரவை இருபது குறைந்தது. கோதுமை மாவு நூறுதான் நின்றது.

"ஒரே ஆழாக்கு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லியே" என்றாள் ஹசீனா. நம்பாமல் மாவை இன்னொரு தடவை அவளே அளந்தாள். இந்தத் தடவை நூற்றிருபத்தைந்து வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தராசு கெட்டுப்போச்சா?"

"இல்ல, நீ ஆயாக்கத் தரையில தட்டின. நான் சும்மாக் கொட்டினேன்" என்றாள் ஞானசுந்தரி. மறுபடி கொட்டிப் பார்த்தாள், நூறு. மறுபடி தட்டிப் பார்த்தாள், நூற்றிருபத்தைந்து. அரிசியைத் தட்டியபோது அவ்வளவு வித்தியாசம் வரவில்லை. மாவுக்குள்தான் காற்று உட்கார்ந்திருந்தது. "மாவத் தட்டாம அளக்கணும். கொட்டி, மேல வயிச்சி விட்டுடணும். அரை ஆயாக்குக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான் அறுவது."

பருப்பு இருபது கிராமுக்குச் சின்னக் குழிக்கரண்டியில் தலைதட்டி ஒன்று சரியாக இருந்தது. வடித்த சோற்றையும் தூக்குவாளியில் கொண்டு வந்திருந்தாள். அன்னக்கரண்டியில் அழுத்தாமல் எடுத்தால் இரண்டரைக் கரண்டி நூற்று எழுபத்தைந்து.

மஹபூப் பாஷா வந்தபோது கடை வாசலில் மாவு சிந்திக் கிடந்தது; தராசுத் தட்டில் சோறு ஆவியில்லாமல் உட்கார்ந்திருந்தது.

"இன்னா நடக்குது இங்க? கடையா, ஓட்டலா?" என்றார்.

"உங்க சோத்தத்தான் நிறுத்துக்கினு கீறோம். நாளைலேந்து ரெண்டரைக் கரண்டி" என்றாள் ஹசீனா.

"யா அல்லா" என்றார் பாஷா. ஞானசுந்தரி பக்கம் திரும்பி, "அக்கா, உங்களுக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காஞ்சிபுரம் டாக்டர் ஜானகிராமனை எடை மேடையில் ஏற்றினார். நாலு கிலோ குறைந்திருந்தது. என்ன சாப்பிட்டார் என்று விசாரித்தார். கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சமைக்கறதுக்கு முன்னாடி உள்ள எடைங்க அது. இப்படி எடுத்துக்குவாங்கன்னு எனக்குத் தோணவே இல்லயே."

"அத்த இவதான் கண்டுபுடிச்சா சார்" என்றார் ஜானகிராமன்.

டாக்டர் காலை மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். "வீட்ல தினமும் நிறுக்க முடியுமாம்மா? எத்தனை கரண்டி போடுவீங்க?"

"ரெண்டரை சார்."

"உங்க கரண்டி எவ்வளவு பெருசுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஞானசுந்தரி கூடைக்குள் கையை விட்டு அன்னக்கரண்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வெளியே காத்திருந்தவர்களில் யாரோ கதவிடுக்கில் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. கரண்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு டிராயரிலிருந்த தாள் கட்டை வெளியே எடுத்து, ஒவ்வொன்றிலும் தலைப்புக்குக் கீழே "சமைக்கும் முன்" என்று எழுதும்படி நர்ஸிடம் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. தறிக்காரர்கள் இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தார்கள். ஜானகிராமன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தராச நாளைக்கு மண்டில குடுத்துடறேன். வூட்ல இன்னாத்துக்கு அது?"

"இருக்கட்டுங்க" என்றாள் அவள். "வேற அரிசி வாங்கினா இன்னொரு வாட்டி பாக்கணும். பயசுக்கும் புதுசுக்கும் தண்ணி குடிக்கிறது ஒண்ணா இருக்காது."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். மண்டியில் ஒரு நல்ல எடையாளைப் பார்க்கிற பார்வை அது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவர் வேலைக்குப் போனார். பதினொரு மணிக்கு வேர்க்கவில்லை. புண் பொருக்குத் தட்டி உதிர்ந்தது. மண்டியில் மூட்டை ஏறும்போது முன்போல முள்ளுக்கு முந்திச் சொல்வதை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்திவைத்திருந்தார். முள் நின்ற பிறகுதான் வாயைத் திறந்தார். வேதகிரி இதைக் கவனித்தான்.

பக்ரீத்துக்கு இரண்டு நாள் இருந்தது. காலை நாஷ்டா முடித்து ஞானசுந்தரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஹசீனா வந்தாள். முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தவள் மூச்சு வாங்க நின்றாள்.

"அக்கா, ஒரே பேஜாரா கீது. பெருநாளும் அதுவுமா ரெண்டரைக் கரண்டின்னா நான் வூட்ட வுட்டே போறேன்றாரு. பிரியாணிக்கு இன்னா கணக்குன்னு உன்னியக் கேட்டுகினு வரச் சொன்னாரு. அரிசி பாதி, கறி பாதி, அதுல நெய்யி வேற. அத்த எப்பிடி அளக்குறது?"

ஞானசுந்தரி கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். அரிசிக்குள் தண்ணீர் போகும், அது தெரியும். கறியிலிருந்து தண்ணீர் வெளியே வருமே, அது எத்தனை? அவள் இதுவரை ஆட்டுக்கறியை நிறுத்துப் பார்த்ததில்லை.

"தெரியலியே ஹசீனா" என்றாள். "பெருநாளைக்கு ஒரு தட்டு அனுப்பு. ரெண்டு பேருமாச் சேந்து பாக்கலாம்."

உள்ளேயிருந்து ஜானகிராமன், "ரெண்டு தட்டா அனுப்பும்மா. நிறுக்குறதுக்கு ஒண்ணு" என்றார்.